சட்டத்தில் பெயர் இல்லாத ஊழியர்: மனநல வார்டில் வேலைக்குச் சேருவோரின் நிலை

புது தில்லி: மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் ஒருவர், ஒரு நாளில் மருத்துவரைக் காண்பது சில நிமிஷங்கள்தாம். செவிலியரைக் காண்பது பெரும்பாலும் மருந்து வேளைகளில். எஞ்சிய நேரம் முழுவதும் அவர் குளிக்கையிலும் உண்கையிலும், உறக்கமின்றி வராந்தாவில் நடக்கையிலும் உடன் இருப்பவர் வார்டு உதவியாளர். இடத்துக்கு இடம் அவருக்குப் பெயர் மாறும். அட்டெண்டன்ட், வார்டு பாய், ஆயா, நர்ஸிங் ஆர்டர்லி, இப்போது 'மல்ட்டி டாஸ்கிங்' ஊழியர். வேலை மட்டும் ஒன்றுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞருக்கோ பெண்ணுக்கோ என்ன கற்றுத் தரப்படுகிறது என்று பார்த்தால், பல மருத்துவமனைகளில் கிடைக்கும் பதில், "பழைய ஆளுடன் ஒரு வாரம் நில்லுங்கள், தானாக வந்துவிடும்" என்பதே. தானாக வருவது எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பழைய ஆள் பொறுமைசாலியாக இருந்தால் பொறுமை வரும். அவர் கையில் தடி வைத்திருப்பவராக இருந்தால் அதுவும் வரும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நாட்டின் மிக முற்போக்கான சட்டங்களில் ஒன்று எனப் பாராட்டப்படுவது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்று, 2016 ஆகஸ்ட் 8-ல் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் திருத்தங்களுடன் அங்கு நிறைவேறி, 2017 மார்ச் 27-ல் மக்களவையின் ஒப்புதலைப் பெற்றது. 2018-ல் அமலுக்கு வந்தது. அதன் 2-வது பிரிவு, சட்டத்தில் பயன்படும் சொற்களுக்கு விளக்கம் தருகிறது. மனநல மருத்துவர் யார், மருத்துவ உளவியலாளர் யார், மனநல சமூகப் பணியாளர் யார், மனநலச் செவிலியர் யார் என்று வரிசையாக வரையறுக்கிறது. செவிலியருடன் வரிசை நின்றுவிடுகிறது. 'பராமரிப்பாளர்' என்றொரு சொல் உண்டு. ஆனால் அது நோயாளியுடன் ஒரே இடத்தில் வசித்து அவரைக் கவனிக்கும் உறவினரையோ பிறரையோ குறிப்பது. எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஷிப்டு பார்த்துவிட்டு வீடு திரும்பும் மருத்துவமனை ஊழியர் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

வரையறை இல்லாததால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்கலாம். வரையறுக்கப்பட்டவருக்குத்தான் தகுதி நிர்ணயிக்கப்படும். தகுதி நிர்ணயிக்கப்பட்டவருக்குத்தான் பாடத்திட்டமும், பதிவும், பதவி உயர்வும் வரும். அரசு அலுவலகங்களின் நடைமுறை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேரும் வழிகள்: இந்த வேலைக்கு இன்று மூன்று வாசல்கள் உள்ளன. முதலாவது, அரசின் நிரந்தரப் பணி. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ், ராஞ்சியில் உள்ள மத்திய மனநல மருத்துவ நிறுவனம், அசாமின் தேஜ்பூரில் உள்ள கோபிநாத் பர்தலை மனநல நிறுவனம் ஆகிய மூன்றும் மத்திய அரசின் கீழ் இயங்குபவை. மற்றவை மாநில அரசுகளுடையவை. 6-வது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசில் 'டி' பிரிவு நீக்கப்பட்டபின், பழைய கடைநிலைப் பணியிடங்கள் பலவும் 'மல்ட்டி டாஸ்கிங்' பணியிடங்களாயின. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தகுதி. 2016 ஜனவரி 1 முதல் அமலான 7-வது ஊதியக் குழு விகிதப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.18,000. இதற்கு அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். ஆனால் இந்த வாசல் குறுகிக்கொண்டே வருகிறது. ஓய்வு பெறுவோரின் இடங்கள் பல ஊர்களில் நிரப்பப்படுவதில்லை.

இரண்டாவது வாசல் அகலமானது: ஒப்பந்ததாரர். துப்புரவு, காவல், வார்டுப் பணி மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுக்கும் நிறுவனங்கள் ஆள்களை அனுப்புகின்றன. கடந்த மாதம் வணிக வளாக வாசலில் சீருடையுடன் நின்றவர் இந்த மாதம் மனநோயாளர் வார்டில் நிற்கக்கூடும். பல இடங்களில் அவருக்குக் கிடைப்பது, மாநில அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. அதுவும் 'திறன்சாராத் தொழிலாளி' என்ற கணக்கில். தற்கொலை எண்ணம் உள்ள ஒருவரை இரவெல்லாம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்வது திறன்சாரா வேலை என்று எந்த அதிகாரி முடிவு செய்தாரோ தெரியவில்லை.

மூன்றாவது, தனியார் மனநல மருத்துவமனைகளும் மதுப்பழக்க மறுவாழ்வு மையங்களும். சம்பளமும் வேலைநேரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். மறுவாழ்வு மையங்களில், முன்பு அங்கேயே சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர்கள் உதவியாளர்களாகச் சேருவதும் வழக்கம். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

இவை தவிர, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்' என்ற பயிற்சி உள்ளது. படுக்கை விரிப்பது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, நாடித்துடிப்பும் காய்ச்சலும் பார்ப்பது, சக்கர நாற்காலிக்கு மாற்றுவது ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பயனுள்ளதுதான். ஆனால் அது பொது மருத்துவமனையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. கால் முறிந்தவர், தன் உணவில் விஷம் கலந்திருக்கிறது என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிடுவதில்லை.

சங்கிலியின் வரலாறு: மனநல மருத்துவமனை ஊழியர் என்பவர் ஆரம்பத்தில் காவலாளியாகத்தான் இருந்தார். ஆங்கிலேயர் காலத்துக் காப்பகங்களும் சிறைச்சாலைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி கட்டப்பட்டன. 1912-ம் ஆண்டு சட்டத்தின் பெயரே 'இந்தியப் பைத்தியச் சட்டம்'. 1987-ம் ஆண்டு மனநலச் சட்டம் 1993-ல் அமலாகும் வரை அதுதான் நடைமுறையில் இருந்தது. ராஞ்சி மருத்துவமனையின் அவலம், தில்லி ஷாதராவில் 1966-ல் தொடங்கப்பட்ட மனநோய் மருத்துவமனையின் அவலம் இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. ஷாதரா வழக்கின் விளைவாகத்தான் 1993-ல் அதே இடத்தில் 'இப்ஹாஸ்' என்ற மனித நடத்தை மற்றும் சார்பு அறிவியல் நிறுவனம் உருவாயிற்று. அதே ஆண்டில், குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளரைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பர்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லாம் கறுப்பு என்று சொல்லவும் முடியாது. 1950-களில் அமிருதசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்க வைத்தார். தாயோ அண்ணனோ அருகில் இருந்து குளிப்பாட்டி, உணவூட்டி, பேசிக்கொண்டிருந்தால் நோயாளி அடங்குகிறார், விரைவில் வீடு திரும்புகிறார் என்பதை அவர் கண்டார். காவலாளி செய்ய முடியாததைக் கவனிப்பவர் செய்ய முடியும் என்று உலகமே பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே இங்கு நடந்த காரியம் அது. உறவினருடன் சேர்த்து உள்நோயாளியை அனுமதிக்கும் குடும்ப வார்டு முறை பின்னர் வேலூரிலும் பெங்களூரிலும் நிலைபெற்றது.

இருந்தும், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகமாக இயங்கிய ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. நாடு முழுவதும் உள்ள காப்பகங்கள் பற்றி மாநிலங்களிடம் அறிக்கை கேட்டது. 'எந்த வகையிலும், எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது' என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 95-வது பிரிவு சொல்வதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் அந்த ஓலைக் கொட்டகை நினைவுக்கு வராமல் போகாது.

சட்டம் வந்தபின் எல்லாம் சீராகிவிட்டதா? குவாலியர், ஆக்ரா, ராஞ்சி மருத்துவமனைகளை நேரில் பார்வையிட்ட தேசிய மனித உரிமைகள் ஆணையம், 2023 ஜனவரியில், நாட்டில் இயங்கும் 46 அரசு மனநல மருத்துவமனைகளின் நிலையும் மனிதத்தன்மையற்றதாக இருப்பதாகக் கூறி மத்திய, மாநில அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. குணமடைந்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதையும், மருத்துவர், ஊழியர் பற்றாக்குறையையும் ஆணையம் சுட்டிக்காட்டியது.

முதல் மாதத்தில் கற்க வேண்டியவை: புதிதாகச் சேருபவருக்கு முதலில் சொல்லப்படுவது எண்ணிக்கை. ஷிப்டு மாறும்போது தலைகளை எண்ண வேண்டும். பிறகு பொருள்கள்: பெல்ட், துப்பட்டா, ஷூ லேஸ், கண்ணாடிச் சில்லு, சவர பிளேடு. முகச்சவரம் உதவியாளர் முன்னிலையில்தான். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து போட முடியாததாக இருக்க வேண்டும். இவையெல்லாம் காவலாளிக்கும் தெரிந்தவைதாம்.

அதற்கு மேல் உள்ளதுதான் தொழில். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, பின்னர் துப்பிவிடும் நோயாளிகள் எல்லா வார்டிலும் உண்டு. வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவுவது ஒரு வழி. மாத்திரை கொடுத்தபின் ஐந்து நிமிஷம் அருகில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவது இன்னொரு வழி. இரண்டாவதில் மாத்திரையும் உள்ளே போகும், அவர் ஏன் அதை வேண்டாம் என்கிறார் என்பதும் வெளியே வரும்.

சில காரணங்கள் நியாயமானவை. மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் பழைய வகை மருந்துகள் சிலருக்கு ஓரிரு நாளில் கழுத்தை ஒரு பக்கம் இழுத்துவிடும். கண்விழி மேலே செருகிக்கொள்ளும். பார்ப்பவருக்கு நடிப்பு போலத் தோன்றும். அது மருந்தின் பக்கவிளைவு. உடனே செவிலியரிடம் சொன்னால் ஓர் ஊசியில் சரியாகும். வேறு சிலருக்குக் கால்கள் தரையில் தங்காது. உட்காருவார், எழுவார், மீண்டும் நடப்பார். "சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்" என்று அதட்டப்படுபவர்களில் சிலர் உண்மையில் மருந்தால் தவிப்பவர்கள். மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் ஒன்றாக வந்தால் உயிருக்கே ஆபத்து. காலைவரை காத்திருக்க முடியாது. லித்தியம் சாப்பிடுபவருக்குக் கோடைக்காலத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, கை நடுங்கி, நடை தள்ளாடினால் அதுவும் அவ்வாறே. தில்லியின் மே மாத வெயிலில் இதை அறிந்த ஒரு வார்டு உதவியாளர் ஒரு நோயாளியின் உயிரைக் காக்க முடியும். மருத்துவர் காலையில் வருவார். இரவு 2 மணிக்கு அந்த நடுக்கத்தைப் பார்ப்பவர் இவர்தான்.

மது வார்டில் கணக்கு வேறு. குடியை நிறுத்திய முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும். வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லத் தொடங்கினால், இடம், நேரம் குழம்பினால், அது அடம் அல்ல. சிகிச்சையளிக்காவிட்டால் உயிரிழப்பு வரை போகக்கூடிய நிலை. பயிற்சியில்லாத மையங்களில் இத்தகையவர்களை "போதை தெளிகிறது" என்று அறையில் பூட்டிவிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

மின் அதிர்வு சிகிச்சை நாளில் உதவியாளரின் வேலை முந்தைய இரவே தொடங்குகிறது. வயிறு காலியாக இருக்க வேண்டும். யாரும் அன்போடு தேநீர் கொடுத்துவிடக் கூடாது. காலையில் பல்செட்டைக் கழற்ற வேண்டும், சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இன்றி இச்சிகிச்சை அளிப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. சிகிச்சை முடிந்து கண் விழிப்பவர் சிறிது நேரம் தான் எங்கிருக்கிறோம் என்று அறியாமல் திகைப்பார். அப்போது அவர் பெயரைச் சொல்லி, இது இன்ன இடம், இன்ன நாள் என்று பொறுமையாகச் சொல்லும் குரல் வார்டு உதவியாளருடையது.

பேச்சும் ஒரு கருவி. வடக்கே 'தூ' என்பதற்கும் 'ஆப்' என்பதற்கும் உள்ள தூரம், நம் ஊரில் 'நீ', 'நீங்கள்' இடையே உள்ள தூரம்தான். வயதானவரை 'பாபுஜி' என்றும், பெண்களை 'தீதீ' என்றும் அழைக்கும் வார்டுகளில் சண்டை குறைவு என்பது பழைய ஊழியர்களுக்குத் தெரிந்த விஷயம். தன்னை உளவுத்துறை பின்தொடர்வதாகச் சொல்பவரிடம் அதை மறுத்து வாதாடவும் கூடாது, ஆமாம் என்று ஒத்து ஊதவும் கூடாது. "உங்களுக்குப் பயமாக இருக்கிறது, நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லலாம். கேட்க எளிதாக இருக்கும் இது, பழகுவதற்கு மாதங்கள் பிடிக்கும்.

இன்னொன்றை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். கடும் மனச்சோர்வில் இருந்தவர் திடீரெனத் தெளிந்து, சிரித்துப் பேசி, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது, கூட்ட வேண்டும். குணமாகிவிட்டார் என்று ஊழியர் நினைக்கும் அந்த நாளே ஆபத்தான நாளாக அமைவதுண்டு.

கட்டிப் போடுவது: நோயாளி கொந்தளிக்கும் நேரத்தில்தான் சட்டமும் ஊழியரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். 97-வது பிரிவின்படி தனி அறையில் அடைப்பது முற்றிலும் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியுடன் மட்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் நீடிக்கக் கூடாது. எப்படிக் கட்டுப்படுத்தப்பட்டார், ஏன், எவ்வளவு நேரம் என்பது உடனே மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. இவற்றோடு மற்றொரு வாக்கியமும் உண்டு: ஊழியர் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டிவைக்கக் கூடாது.

இதைவிடத் துல்லியமாக யாரும் நம் மருத்துவமனைகளை வருணித்துவிட முடியாது. இரவில் ஒரு வார்டுக்கு ஓர் உதவியாளர் என்றால், ஒருவர் கொந்தளிக்கும்போது மற்றவர்களை யார் பார்ப்பது? பயிற்சி பெற்ற மூன்று, நான்கு பேர் இருந்தால், ஒருவர் மட்டும் பேசுவார். மற்றவர்கள் பக்கவாட்டில் நிற்பார்கள், வாசலை மறிக்கமாட்டார்கள். ஏனைய நோயாளிகளை ஒருவர் அப்பால் அழைத்துச் செல்வார். பெரும்பாலும் கை வைக்கவே தேவை இராது. தனி ஆளாக நிற்பவருக்குப் பயம். பயத்துக்குக் கயிறு தேவைப்படுகிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 108-வது பிரிவு கூறுகிறது. கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்று விசாரணையில் எளிதாகத் தெரிந்துவிடும். அந்தக் கைக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை என்பது விசாரணைக்கு வராது.

கட்டாய மொட்டை கூடாது, விருப்பமிருந்தால் சொந்த உடை அணியலாம், நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்று 20-வது பிரிவு சொல்வதும் இந்த ஊழியரைத்தான் எட்ட வேண்டும். பேன் தொல்லையால் மொத்த வார்டுக்கும் மொட்டை அடிப்பது, தெளிவாக உள்ள நோயாளியிடம் துடைப்பத்தைக் கொடுப்பது போன்றவை கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. ஆள் இல்லாததாலும், எப்போதும் அப்படித்தான் நடந்தது என்பதாலும் நடப்பவை.

ஊழியரின் பக்கமும் உண்டு. அடி வாங்குவது, கடிபடுவது, முகத்தில் எச்சில் படுவது இத்தொழிலில் அபூர்வம் அல்ல. காயம்பட்ட ஒப்பந்த ஊழியர் மறுநாள் வராவிட்டால் அன்றைய கூலி போகும். தாம் கண்காணித்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், விளக்கக் கடிதம் கேட்கப்படும். அவருடைய மனத்தை யாரும் கேட்பதில்லை. "பாகல்கானாவில் வேலை" என்று சொன்னால் பெண் கொடுக்கத் தயங்குவோர் வட மாநிலங்களில் இன்றும் உள்ளனர். மனநோயின் மீதான களங்கம் அதன் அருகில் நிற்பவர் மீதும் ஒட்டிக்கொள்கிறது.

ஏணி எங்கே?: 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 2023 ஆகஸ்டில் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த 148-வது அறிக்கை, லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளதாகக் குறிப்பிட்டது. மூன்று பேராவது இருப்பது விரும்பத்தக்கது. மனநலத் துறை வல்லுநர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச வழிகாட்டு நெறிகளுக்கு ஏற்பப் பத்து ஆண்டுகளுக்குள் உயர்த்த வேண்டும் என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 31-வது பிரிவு கூறுகிறது. அந்தக் கெடு 2028-ல் முடிகிறது. அந்தக் கணக்கிலும் வார்டு உதவியாளர் இல்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியாளர் பட்டியலில் அவர் இருக்கிறார். மனநல மருத்துவர் முதல் இடத்தில், வார்டு உதவியாளர் கடைசி இடத்தில். 767 மாவட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ள இத்திட்டம், மாவட்ட அளவில் 10 படுக்கை வசதியை முன்வைக்கிறது. பெருநகரக் காப்பகங்களிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு மனநல சிகிச்சை நகர்கிறது என்றால், இந்த வேலைக்குச் சேரப்போகிறவர்களும் இனி மாவட்டத் தலைநகரங்களில்தான் இருப்பார்கள்.

2021 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறிய தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம் ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அதன் அட்டவணையில், நடத்தை சார்ந்த சுகாதாரப் பிரிவின் கீழ், 'மனநல ஆதரவுப் பணியாளர்' என்ற பெயர் இடம்பெற்றுள்ளது. கவனிப்பாரற்றுக் கிடந்த தொழிலுக்கு நாடாளுமன்றம் அருகில் வந்தது அப்போதுதான். ஆனால் இச்சட்டத்தின்படி இணைச் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆக, 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். ஒரு வாரம் பழைய ஆளுடன் நின்றவருக்கும் 2,000 மணி நேரத்துக்கும் நடுவில் படிகளே இல்லை. வேலையில் இருந்தபடியே அந்த மணி நேரங்களைச் சேர்த்துக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டால்தான் இன்று வார்டில் நிற்பவர்களுக்கு அந்தச் சன்னல் வாசலாகும். இல்லாவிட்டால் கட்டணம் செலுத்திப் படிக்க முடிந்த வேறு யாரோ வந்து அமருவார்கள். பழையவர் துடைப்பத்துடன் வெளியே நிற்பார்.

இப்போதைக்கு மேலே போக விரும்புபவருக்குத் தெரிந்த வழி செவிலியர் படிப்பு மட்டுமே. பிளஸ்-டூ முடித்திருந்தால் செவிலியர் பட்டயம், அதன்பின் மனநலச் செவிலியர் பட்டயம். குடும்பத்தைக் காக்கும் முப்பது வயதுக்காரருக்கு இது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பது வேறு விஷயம்.

பட்டம் இல்லாதவர்களால் இப்பணியைத் திறம்படச் செய்ய முடியாது என்று எவரேனும் வாதிட்டால், அதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகளிடையே நடத்தப்பட்டு 2014-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சாமானியப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று கவனித்தவர்கள், மருத்துவமனை சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சற்றே மேம்பட்ட நிலையை அடைந்தனர். சென்னையில் 1993-ல் தொடங்கப்பட்ட 'தி பேனியன்' அமைப்பின் 'ஹோம் எகெய்ன்' திட்டத்தில், ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்கள் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிலராகச் சேர்ந்து வாழ்கின்றனர். அவர்களுடன் இருப்பவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இத்திட்டம் முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக்காட்டப்பட்டது. இரண்டிலும் பொதுவாக இருப்பது பயிற்சியும், தொடர்ந்து கேட்டுச் சரிசெய்யும் மேற்பார்வையாளரும்.

மனநல நிறுவனங்களைப் பதிவு செய்யும்போது அங்குள்ள பணியாளர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதியை வலியுறுத்த 65-வது பிரிவு இடமளிக்கிறது. எனவே புதிய சட்டம் தேவையில்லை. மாநில மனநல ஆணையங்கள், வார்டு உதவியாளருக்கு இத்தனை வாரப் பயிற்சி, இரவில் வார்டுக்கு இத்தனை பேர் என்று விதித்துவிட முடியும். பயிற்சி அளிக்க ராஞ்சி, தேஜ்பூர், பெங்களூர், தில்லி நிறுவனங்களும் உள்ளன.

அதுவரை, இந்த வேலைக்கு மனு போடுகிற இளைஞர்கள் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனம் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா? இரவு ஷிப்டில் எத்தனை பேர், எத்தனை படுக்கைகள்? கொந்தளிப்பு வந்தால் யாரை அழைப்பது, அந்த மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார்? கட்டுப்படுத்தல் பதிவேடு எங்கே வைக்கப்பட்டுள்ளது? காயம் பட்டால் சிகிச்சைச் செலவும் விடுப்பும் ஒப்பந்ததாரர் பொறுப்பா, மருத்துவமனையின் பொறுப்பா? வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண் முதல் மாதத்திலேயே தரப்படுமா? பதிவேடு என்ற ஒன்றே தெரியாது என்று மேலாளர் சொல்லும் இடத்தில், நடப்பதற்கெல்லாம் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் இருப்பார்.